தொலிம்பேக் அத்தான் ஓட்ஸுக்கு மாறிய கதை

தொலிம்பேக் அத்தானின் கையை முப்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். ஆட்டுத்தலையை அறுத்துப் பங்கு வைக்கும் கை, விருந்தில் கடைசி எலும்பைத் தேடித் துழாவும் கை, என் அக்கா குலியாஷ் திட்டும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளும் கை. அந்தக் கையின் உட்புறத்தில் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்தது மட்டும் போன பிப்ரவரியில்தான். எங்கள் உஷ்தோபே ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஊரில் பாதிப் பேரின் ரத்தம் என் குழாய்களில் ஏறி இறங்கியிருக்கிறது. அத்தான் மட்டும் வருடப் பரிசோதனைக்கு வந்தால் விரல் நுனியை நீட்டுவார், ஒரு குத்தோடு ஓடிவிடுவார். ஊசிக்குப் பயம். அதை ஒத்துக்கொள்ளும் ஆளில்லை.

அவருக்கு ரயில்வேயில் வேலை. சரக்கு வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது நீளக் கைப்பிடி வைத்த சுத்தியலோடு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். எழும் சத்தத்தை வைத்தே எதில் விரிசல் என்று சொல்லிவிடுவார். முப்பத்துமூன்று வருடத்தில் அவர் சொன்னது இரண்டு முறைதான் தப்பியதாம். அந்த இரண்டையும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவர் அந்தத் திங்கட்கிழமை காலையில், யாரும் கூப்பிடாமல், வெறும் வயிற்றோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"எடு ரௌஷான். எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. எதையும் என்கிட்ட காட்டாதே."

காரணம் எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அவர் மகள் ஐனாஷ், தான் விரும்பும் பையனைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தாள். கோடையில் நிச்சயம், செப்டம்பரில் கல்யாணம் என்று பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தானின் அண்ணன் சதிர்பாய், தன் மகளின் கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, தேநீர்க் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயது ஐம்பத்தேழு. மாரடைப்பு. அந்தக் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்று பெண்ணை வண்டியேற்றி அனுப்பியது தொலிம்பேக் அத்தான்தான். இப்போது அவருக்கும் ஐம்பத்தேழு.

முடிவு வந்தது. "ஏழு புள்ளி ஆறு" என்றேன்.

"எதுக்கு?"

"கொலஸ்ட்ரால். எங்க கணக்குல அஞ்சுக்குள்ள இருக்கணும்."

"அப்ப தாண்டியே பாஸாயிட்டேன்."

"இதுல மார்க்கு கூடினா ஃபெயில் அத்தான்."

டாக்டரம்மாவின் அறைக்குள் அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், குறையவில்லை என்றால் மாத்திரை என்றார் டாக்டரம்மா. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் தள்ள வேண்டியவை: ஆட்டின் வால்கொழுப்பு, குடலில் அடைத்த குதிரை இறைச்சித் தொத்து, வெண்ணெய், பாலாடை, கொழுப்பில் பொரித்த ரொட்டி. வலப்பக்கம் சேர்க்க வேண்டியவை: ஓட்ஸ், பார்லி, பருப்பு, பீன்ஸ், வால்நட், ஆப்பிள், முட்டைக்கோஸ், சோயா. அத்தான் இடப்பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"இது எங்க வீட்டு அடுக்களைப் பட்டியல் டாக்டரம்மா. உங்களுக்கு யாரு குடுத்தா?"

வீட்டில் அப்போது குளிர்காலத்துக்கு அறுத்த குதிரையில் பாதி இன்னும் உறைபெட்டியில் கிடந்தது. குலியாஷ் அக்கா மறுநாளே அதை மூட்டை மூட்டையாகச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டாள். அத்தான் வாசலில் நின்று ஒவ்வொரு மூட்டையும் வண்டியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போனதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்.

முதல் ஓட்ஸ் கஞ்சியை வைத்தபோது நானும் அங்கே இருந்தேன். சும்மா இருப்பேனா, வேடிக்கை பார்க்கவே போயிருந்தேன். பால் விடாமல், ஆப்பிளை நறுக்கிப் போட்டு, மேலே வால்நட்டை உடைத்துத் தூவியிருந்தாள் அக்கா. அத்தான் ஒரு வாய் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"இத்தனை வருஷம் குதிரைக்கு ஓட்ஸ் போட்டேன், குதிரையை நான் தின்னேன். இப்ப குதிரையை விட்டுட்டு நேரா ஓட்ஸுக்கே வந்துட்டேன். நடுவுல ஒரு ஆளுக்கு வேலை போச்சு."

"கனைக்காம சாப்பிடுங்க" என்றேன்.

இறைச்சி தின்பதில் ஓநாய்க்கு அடுத்த இடம் எங்களுக்கு என்று பெருமையடித்துக்கொள்ளும் ஜனம் நாங்கள். ரயில்வே ஷெட்டில் செய்தி பரவ அரைநாள்கூட ஆகவில்லை. மதியம் டப்பாவைத் திறந்து அவித்த பீன்ஸையும் பீட்ரூட்டையும் எடுத்தால் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்களாம். "மாமா, ஆடு திங்கறதை நீங்க தின்னுட்டா ஆட்டை யாரு திங்கறது?" என்று கேட்பானாம் ஒருவன். "உன்னைத் திங்கறவன் எவனோ அவன்" என்று இவர் சொல்வாராம். சட்டைப்பையில் வறுத்த கொண்டைக்கடலை வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு ஒன்று வீதம் வாயில் போட்டுக்கொண்டே தட்டிப்போகப் பழகினார். நீள வண்டி வந்தால் பை காலியாகிவிடும்.

ஆனால் ருசி என்ற ஒன்று இருக்கிறதே. முதல் மாதம் அக்கா பருப்பையும் பார்லியையும் அவித்தாள், உப்புப் போட்டாள், முடிந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீடுகளில் காய்கறி என்றால் இறைச்சித் தட்டின் ஓரத்தில் கிடக்கும் வெங்காயம். காப்பாற்றியது சந்தையில் கடை போட்டிருக்கும் வேரா பாக். எங்கள் ஊர்க் கொரியாக்காரர்கள் காரட்டை நூல்நூலாகச் சீவி, பூண்டும் மிளகாயும் காடியும் போட்டு ஊறவைத்தால் அந்தச் சந்து முழுக்க மணக்கும். அத்தானோ அந்தக் கடையை முயல்தீனிக் கடை என்று அவள் காதுபடவே சொல்லி வந்தவர்.

அவர் போய் நின்றதும் வேரா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாங்க தொலிம்பேக். முயலுக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடு."

காரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், முளைகட்டிய சோயா, சோயாப்பாலைத் திரியவைத்துக் கட்டிய வெள்ளைப் பன்னீர் என்று ஒவ்வொரு டப்பாவிலும் கொஞ்சம் போட்டுக்கொடுத்தாள். அந்தப் பன்னீரை எப்படி வதக்குவது என்று அக்காவுக்குச் செய்தே காட்டினாள். அன்றைக்கு ராத்திரி அத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். "காரம் இருந்தா மனுஷன் எதையும் திம்பான்" என்று சொன்னாராம். அக்கா அதைப் போனில் சொல்லிவிட்டு அழுதாள்.

எல்லாம் சீராகப் போனது என்று சொன்னால் அது பொய். மார்ச்சில் எங்கள் வசந்தப் புத்தாண்டு வந்தது. ஊரெல்லாம் சாப்பாட்டு மேசை. ஒரு வீட்டில் குதிரைத் தொத்தில் ஒரே ஒரு வில்லையை எடுத்திருக்கிறார். ஒன்றுதானே. தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்திருக்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"ரத்தம் எடு ரௌஷான். எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துரலாம்."

"ஒரு நாள்ல அப்படியெல்லாம் தெரியாது அத்தான். வீட்டுக்குப் போங்க."

போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஒண்ணு தின்னா நிக்காது ரௌஷான். ஒண்ணுமே தின்னாம இருந்துருவேன். ஒண்ணே ஒண்ணு தின்னுட்டு இருக்க என்னால முடியாது. எனக்கு என்னைத் தெரியும்."

இந்தப் பேச்சுதான் பிறகு என்னைக் கெடுத்தது.

ஜூன் மத்தியில் நிச்சயம். எங்களில் சம்பந்தி வீட்டார் வந்தால், வேகவைத்த வால்கொழுப்பையும் ஈரலையும் மெல்லிசாகச் சீவி, புளித்த மோர் ஊற்றி, ஒரே தாம்பாளத்தில் வைத்து இரு வீட்டாரும் தின்றாக வேண்டும். தின்றுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் எவரும் பின்வாங்க முடியாது. தின்னாவிட்டால் பெண்ணுக்கு எத்தனை கம்மல் போட்டாலும் அது டீ குடித்துவிட்டுப் போன கணக்குதான். நான்கு மாதமாக அத்தான் தொடாதது எதுவோ, அதைத்தான் மகளுக்காக எல்லார் முன்னாலும் தின்ன வேண்டும். "தின்னுடுவேன்" என்றார் அக்காவிடம். சொல்லிவிட்டு மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. இரண்டாம் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

நான் ஒரு காரியம் செய்தேன். வேராவிடம் போய்க் கெட்டியான சோயாப் பன்னீராக ஒரு கட்டி கேட்டேன். எதற்கென்று துருவினாள், சொன்னேன்.

"என் சரக்கு மேல எனக்கு மரியாதை இருக்கு. அதை ஆடுன்னு சொல்லி வைக்கப்போறியா?"

"ஒரு நாளைக்குத்தான்."

"மாட்டிக்கிட்டா என் பேரை எடுக்கக் கூடாது" என்று சொல்லிக் காசு வாங்காமல் கொடுத்தாள்.

அதை ஆட்டுக் குழம்பிலேயே கொதிக்கவிட்டு, உப்பேற்றி, கொழுப்பைச் சீவிய அதே கனத்தில் சீவினேன். மோரில் கிடக்கும்போது எது எது என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால் தாம்பாளத்தின் குறுக்கே வெங்காய வளையங்களை வரிசையாக அடுக்கினேன். ஒரு பாதி சோயா, மறுபாதி கொழுப்பு. அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. சோயாப் பக்கம் அத்தான் பார்க்க, கொழுப்புப் பக்கம் சம்பந்தி பார்க்க நானே கொண்டுபோய் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

சம்பந்தி செயில்கான் பல்காஷ் ஏரிப் பக்கம் அறுநூறு ஆடு வைத்திருக்கிறவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். கூடவே அவருடைய சித்தப்பா மோல்தபாய். எழுபத்தைந்து வயது, எந்தச் சடங்கில் எவர் எங்கே தப்பு செய்தார் என்று நாற்பது வருடப் பட்டியல் வைத்திருப்பவர். தாம்பாளம் இறங்கியதும் அவர்தான் கையை உயர்த்தினார்.

"ம், ஊட்டுங்க ரெண்டு பேரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது நிச்சயத்தில் பாத்திரம் கழுவியவள் நான். சம்பந்திகள் தாங்களாகத் தின்பதில்லை, தன் பக்கத்திலிருந்து அள்ளி எதிராளி வாயில் ஊட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அடுக்களையில் நின்றபோது சுத்தமாக மறந்துபோனேன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு வைக்கிற மாதிரி ஆளுக்கு முன்னால் அவரவர் பங்கை வைத்துவிட்டேன்.

அத்தானின் மூன்று விரல் சோயாவை அள்ளிச் செயில்கான் வாயில் வைத்தது. செயில்கானின் பெரிய கை, தீப்பெட்டி கனத்துக்கு நான்கைந்து சீவலைச் சேர்த்து அத்தான் வாயில் திணித்தது.

இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தானின் கண் மூடிக்கொண்டது. தாடை அசையவில்லை. செயில்கானின் தாடை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு மெதுவாக இன்னொரு சுற்று. மரியாதை தெரிந்த மனிதர், துப்பவில்லை. விழுங்கிவிட்டு, சின்னக் குரலில், நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"சம்பந்தி, உங்க ஊர் ஆடு என்னத்தை மேயுது?"

அத்தான் வாய் நிறையக் கொழுப்பு இருந்தது. மோல்தபாய் கிழவர் எட்டி சோயாப் பக்கத்திலிருந்து ஒரு சீவலை எடுத்தார். முகர்ந்தார், நுனியைக் கடித்தார், தட்டின் விளிம்பில் வைத்தார்.

"இது ஆடே இல்ல."

எல்லாத் தலையும் கிழவர் பக்கம் திரும்பியது.

"எழுபத்தஞ்சு வயசுல நான் பாக்காத அவமானம். கொழுப்பில்லாம நிச்சயமா? எங்க வீட்டுப் பையனுக்குப் பொண்ணு குடுக்க மனசில்லைன்னா வாயால சொல்லியிருக்கலாமே." கிழவர் துண்டை மடித்துப் போட்டுவிட்டு முட்டியில் கை ஊன்றி எழப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஐனாஷ் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளுடைய வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நான்தான் பண்ணேன்" என்றேன். "அத்தானுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அவருக்கு ரத்தத்துல கொழுப்பு கூடிப்போச்சு. அவர் பக்கம் சோயாவை வெச்சேன். ஊட்டறதை மறந்துட்டேன்."

"எவ அவ?" என்றார் கிழவர்.

"மச்சினி" என்றார் அத்தான். விழுங்கிவிட்டிருந்தார். உதட்டில் கொழுப்பு மினுங்கியது. "திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. இவ என் ரத்தத்தைப் பாத்தவ. அதான் பயந்துட்டா."

பேச்சில் வல்லவரில்லை அவர். சக்கரங்களோடு பேசிப் பழகியவர்.

"என் அண்ணன் பொண்ணை நான்தான் வண்டியில ஏத்தி அனுப்பினேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஆனா என் முகத்தைப் பாக்கல. என் தோளுக்குப் பின்னாடி பாத்துக்கிட்டே இருந்தா. அப்பா வந்துருவாரோன்னு. எனக்கு அது போதும் சம்பந்தி. ஐனாஷ் அப்படி யார் தோளுக்குப் பின்னாடியும் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் நாலு மாசமா இலையும் பருப்புமா திங்கறேன். உங்களை அவமானப்படுத்த இல்ல. இந்தக் கொழுப்பை இவளுக்காகத் தின்னாகணும்னாலும் திம்பேன். இப்பத் தின்னேன், எல்லாரும் பாத்தீங்க."

அக்கா வாயில் தலைத்துணியின் நுனியை வைத்துக்கொண்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மோல்தபாய் எழவுமில்லை, உட்காரவுமில்லை. அவருடைய நாற்பது வருடப் பட்டியலில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை போலும். கடைசியில் உட்கார்ந்தார்.

"இவர் வாயில போனது நிஜக் கொழுப்பு. அப்ப பொண்ணு வீடு கட்டுப்பட்டாச்சு. எங்க ஆள் வாயில போனது..." தட்டின் விளிம்பைப் பார்த்தார். "அது என்னவோ. அப்ப நாங்கதான் இன்னும் கட்டுப்படல. தப்பு எங்க பக்கம் வந்துருச்சு."

செயில்கான் சம்மணம் கட்டி முன்னால் நகர்ந்து, அந்தப் பெரிய வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். அத்தான் கையை நீட்டி, வெங்காய வரிசையைத் தாண்டி, நிஜக் கொழுப்பில் ஒரு பிடி எடுத்து அவருக்கு ஊட்டினார். செயில்கான் மென்றார். "ம். இது ஆடு" என்றார்.

அறை உடைந்ததுபோல் சிரித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த ஆரவாரத்தில் செயில்கான் சந்தோஷம் தாங்காமல் இன்னொரு பிடி அள்ளி அத்தானின் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார். எங்களில் நீட்டிய கையைத் தள்ளுவது வழக்கமே இல்லை. அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். மோர் சொட்டும் கொழுப்பு, விரல் இடுக்கில் வழிந்தது. அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மார்ச் மாதத்துத் தட்டு என் கண் முன்னால் வந்தது.

அத்தான் இரண்டு கையாலும் சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். மெதுவாகத் தாம்பாளத்துக்கு இறக்கினார்.

"முதல்ல தின்னது என் பொண்ணுக்கு சம்பந்தி. இது எனக்கு. எனக்கு வேண்டாம்."

மோல்தபாய் கிழவர் தாம்பாளத்தில் மிஞ்சிய மோரை உள்ளங்கையில் அள்ளி அத்தானின் இரண்டு கன்னத்திலும் அப்பினார். சம்பந்தி ஆனவனுக்குத்தான் அதைப் பூசுவார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். ஓடினேன், ஆனால் அந்த வயதில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று யார் கண்டது.

ஒன்பது நாள் கழித்து அத்தான் என் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிவு மறுநாள் வந்தது. ஐந்து புள்ளி ஏழு. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இதே சாப்பாட்டை விடாதீர்கள், டிசம்பரில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஐந்துக்குள் வரவில்லையே என்று அத்தான் முகம் சுளித்தார். நான்கு மாதத்தில் இவ்வளவு இறக்கியதே பெரிசு என்று டாக்டரம்மா அதட்டிய பிறகுதான் சிரித்தார்.

"ஒரு தாள்ல பெருசா எழுதிக் குடு ரௌஷான்."

"ஃபோன்லயே வந்திருக்கே."

"தாள்ல எழுது. பழைய எண்ணையும் எழுது, புதுசையும் எழுது."

எழுதிக் கொடுத்தேன். நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் காட்டுவார் என்று நினைத்தேன். மதியம் அக்கா போன் செய்தாள், இன்னும் வரவில்லை என்று. எனக்குப் பயமாகிவிட்டது. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழங்காலில் மண். ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் மயானத்து மண், வேறெங்கும் அந்த நிறம் கிடையாது.

"அண்ணன்கிட்ட போனீங்களா?"

"ம்."

"பிரார்த்தனை பண்ணீங்களா?"

"பண்ணேன்." செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தார். "அப்புறம் திட்டினேன். தாளைக் காட்டினேன். ஒரே ஒரு தடவை நீயும் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தா என்னடா குறைஞ்சிருக்கும்னு கேட்டேன். ரொம்ப நேரம் திட்டினேன் ரௌஷான். அதான் லேட்டு."